பையனோட டீம்

என் மகன் பிறந்தது துபாய், பாஸ்போர்ட் இந்தியா. சென்னை தோத்தா எனக்குத்தான் வருத்தம். அவனுக்கு அல் வஸ்ல் தோத்தா சாப்பாடு இறங்காது. மரடோனா 2011-12ல் பயிற்சியாளரா இருந்த கிளப்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். 17 வருஷம் கழிச்சு 2024ல் லீக் பட்டம் ஜெயிச்சப்போ வீடே அதிர்ந்தது.

அவனோட ஹீரோ ஃபாபியோ லிமா. பிரேசில்காரர், 2020ல் அமீரகக் குடியுரிமை கிடைச்சு தேசிய அணிக்கே ஆடினார். "அப்போ நானும் ஆடலாம்லப்பா?"

லீக்கில் ஆடலாம். இங்கே பிறந்த வெளிநாட்டுப் பிள்ளைகளையும் கிளப்புகள் பதிவு செய்யலாம்னு இப்போ விதி இருக்கு. தேசிய அணிக்குக் குடியுரிமை வேணும். அது நம்ம கையில் இல்லை. அவனோட விசாவே என் வேலையை நம்பித்தானே நிக்குது? அதை அவன்கிட்ட இன்னும் சொல்லலை. அகாடமி ஃபீஸ் மட்டும் கட்டியாச்சு.