வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். வாய் இருந்தும் பேச மொழியில்லாத நாட்டிற்குப் போனவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தி சொன்ன செய்திகளே இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பின. அவர் கொலோன் நகரில் முதியோர் இல்லமொன்றில் செவிலியாகப் பணிபுரிகிறார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் பெருகின. வேலைக்கு ஆள் போதவில்லை. ஆகவே 1961 அக்டோபர் 30 அன்று அந்நாடு துருக்கியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பெரும்பாலும் முஸ்லிம்களான துருக்கியர் லட்சக்கணக்கில் அங்கே சென்றனர். அவர்களுக்கு இட்ட பெயர் 'விருந்தாளித் தொழிலாளர்'. விருந்தாளி என்றால் திரும்பிப் போகிறவர்தானே! இரண்டே ஆண்டுகள் என்பதுதான் முதல் ஏற்பாடு. ஆகவே கற்பிக்க அரசும் முனையவில்லை. கற்க அவர்களில் பலரும் முனையவில்லை. விடுதியில் துருக்கி மொழி, எந்திரத்தின் அருகே கைச்சாடை.

1964இல் அந்த வரம்பு நீங்கியது. 1973இல் ஆள் எடுப்பது நின்றது. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது என்று அஞ்சிய பலர், மனைவி மக்களை வரவழைத்து அங்கேயே தங்கிவிட்டனர்.

பள்ளியில் ஜெர்மன் கற்ற பிள்ளைகளே வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆனார்கள். மருத்துவர் சொல்லும் நோயைச் சின்னஞ்சிறு மகள் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும்! சென்ற ஆண்டு பாட்டியின் கண் பரிசோதனைச் சீட்டை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னவள் நான். ஒரு சொல் தவறினால் என்ன ஆகுமோ என்று நெஞ்சு படபடத்தது. எனக்கு அது ஒரு நாள். மருத்துவரும் தமிழ் பேசுபவர். அச்சிறுமிகளுக்கோ அது அன்றாடக் கடமை.

"இத்தனை ஆண்டுகள் இருந்தும் ஏன் மொழியைக் கற்கவில்லை?" என்று சிலர் குறை கூறுவதுண்டு. கேள்வி நியாயமே. "யார் கற்றுக்கொடுத்தார்கள்?" என்ற எதிர்க்கேள்வியும் நியாயமே. குடியேறியோருக்கு 600 பாடவேளை மொழி வகுப்பை அரசு சட்டப்படி ஏற்படுத்தியது 2005இல்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகி அதற்குள் 43 ஆண்டுகள் கடந்திருந்தன!

மொழி வசப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு எமினே செவ்கி ஓஸ்தமார் சான்று. 1965இல் ஜெர்மன் அறியாத இளம்பெண்ணாகப் பெர்லின் சென்று தொழிற்சாலையில் வேலை செய்தார். பின்னர் அம்மொழியிலேயே நாவல்கள் எழுதினார். ஜெர்மன் இலக்கியத்தின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான பியூக்னர் பரிசு 2022இல் அவரைத் தேடி வந்தது.

புதிய மொழியைக் கற்பதென்றால் தன் சமயத்தையும் பண்பாட்டையும் துறப்பதா? அல்லவே! கொலோன் பேராலயத்தில் 1965 பிப்ரவரியில், ரமலான் நோன்பு முடிந்த பெருநாளன்று, பல நூறு துருக்கியர் தொழுவதற்கு இடம் அளிக்கப்பட்டது. மொழி புரியாதவர்களிடமும் இதயம் பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சித்தி பணிபுரியும் இல்லத்தில் ஒரு துருக்கிப் பாட்டி இருக்கிறார். மறதி நோய் வந்தபின், பாடுபட்டுக் கற்ற ஜெர்மன் முழுவதும் அவரை விட்டுப் போய்விட்டது. தாய்மொழி மட்டுமே எஞ்சியது. ஒரு நாள் இரவு "அன்னே, அன்னே" என்று அழுதாராம். துருக்கி மொழியில் அன்னே என்றால் அம்மா. "நம் அன்னைதான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது" என்றார் சித்தி. அதன்பின் தண்ணீர், வலி, தூக்கம் என்று நாளுக்கொரு துருக்கிச் சொல்லாகக் கற்றுக்கொண்டார். ஜெர்மன் மொழிக்கே தேர்வெழுதித் திண்டாடியவர் அவர்!

அன்புத் தோழியரே! வந்தவர் மொழி கற்பது கடமை. இருப்பவர் கற்பிப்பது அதனினும் பெரிய கடமை. நம் ஊர்க் கட்டட வேலைக்கு வட மாநிலங்களிலிருந்து வருவோரின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் சேர்கிறார்கள். அவர்கள் தமிழைத் திக்கித் திக்கிப் பேசும்போது சிரிக்காமல் காத்திருப்போம். ஒரு சொல் சொல்லிக் கொடுப்போம். ஒரு சொல் கேட்டுக்கொள்வோம். வாயுள்ள பிள்ளை மட்டுமன்று, கேட்கச் செவியுள்ள ஊரும் பிழைக்கும்.

– பத்தாம் வகுப்பு மாணவி