எப்போது என்னும் வினா

தன் கையால் செய்த வானூர்தியில் தானே ஏறிப் பறப்பவருக்கு இரட்டைப் பொறுப்பு உண்டு. அதை ஓட்டுபவர் அவர். அதன் கொல்லரும் தச்சரும் மின்பணியாளரும் அவரே. சாலையில் ஓடும் கார் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். பழுது பார்ப்பவரை அழைத்து வரலாம். வானத்திலோ ஓரம் என்று ஓரிடம் இல்லை. ஒற்றை எஞ்சின் கொண்ட வானூர்தியில் அந்த எஞ்சின் நின்ற கணத்திலிருந்து இறங்குவதற்கு ஓரிடம் தேட வேண்டியதுதான். ஆகையால் எஞ்சினில் தோன்றும் சிறு தடுமாற்றத்தையும் அவர் புறக்கணிக்க இயலாது. காரணம் அறியாமல் மறுமுறை மேலே எழுவது, விடை காணாத கணக்கின் கீழே 'சரி' என்று எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

வீட்டுக் கொட்டகையில் வானூர்தி செய்யும் இக்கலை அமெரிக்காவில் வேரூன்றி வளர்ந்தது. 1953ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி என்பார் தொடங்கிய பரிசோதனை வானூர்திச் சங்கம் இத்தகையோரை ஒன்றுசேர்த்தது. 1970ஆம் ஆண்டில் ஆஷ்காஷ் நகரம் அச்சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு உரிய இடமாயிற்று. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ முனைந்தவர்களே வானூர்தியின் பெரும்பகுதி வேலையைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 'பரிசோதனை' என்னும் சொல்லைக் கண்ணுக்குத் தெரியும்படி அதில் எழுதிவைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. அச்சொல் ஓர் அணிகலன் அன்று. ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் விடுக்கப்படும் எச்சரிக்கை.

வானூர்திக்கெனச் செய்யப்படும் எஞ்சின்கள் விலை மிகுந்தவை. எனவே கட்டுபவர்களுள் சிலர் ஜப்பானிய மஸ்டா கார்களின் ரோட்டரி எஞ்சினை நாடுகின்றனர். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கலின் சிந்தனையில் உருவானது இவ்வகை எஞ்சின். அதன் முதல் மாதிரி 1957ஆம் ஆண்டில் என்எஸ்யூ நிறுவனத்தில் ஓடிற்று. இதில் ஏறி இறங்கும் பிஸ்டன் இல்லை. திறந்து மூடும் வால்வும் இல்லை. பக்கங்கள் புடைத்த முக்கோணம் போன்ற சுழலி ஒன்று, இடை சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் சுற்றுகிறது. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். கட்டுபவர்கள் பெரிதும் விரும்பும் 13பி என்னும் எஞ்சினில் இத்தகைய சுழலிகள் இரண்டு. அவற்றின் கொள்ளளவு 1,308 கன சென்டிமீட்டர். அசையும் உறுப்புகள் குறைவு ஆதலால் உடையக்கூடியனவும் குறைவு என்பர் அதைப் போற்றுவோர். நடுத்தண்டின் வேகம் முன்விசிறிக்கு மிகுதி என்பதால் இடையில் பற்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்து வேகத்தைக் குறைக்கின்றனர்.

எஞ்சின் எளியதுதான், அதற்கு உணவூட்டும் அமைப்போ அவ்வளவு எளியதன்று. தொட்டியிலிருந்து பம்பு பெட்ரோலை எடுத்து அழுத்தத்துடன் அனுப்புகிறது. வடிகட்டியைக் கடந்து அது இஞ்செக்டர்களை அடைகிறது. மிஞ்சிய பெட்ரோலை அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. உள்ளே வரும் காற்றின் அழுத்தம், காற்றின் வெப்பம், குளிர்நீரின் வெப்பம், தண்டின் வேகம் ஆகியவற்றை அளந்து, இஞ்செக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் விமானியின் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ ஒரே ஒலிதான்: எஞ்சின் திக்குகிறது.

ஒருவர் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது எஞ்சின் இவ்வாறு திக்கிற்று எனக் கொள்ளலாம். நல்ல வேளையாகச் சக்கரங்கள் இன்னும் தரையில்தான் உள்ளன. அவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிடுகிறார். கொட்டகைக்கு வந்ததும் மனம் பரபரக்கிறது. பம்பை மாற்றுகிறார், இஞ்செக்டரைக் கழற்றிக் கழுவுகிறார், பிளக்குகளைப் புதிதாகப் போடுகிறார். மாலையில் எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் எதனால் நன்றாயிற்று? அவருக்குத் தெரியாது. மூன்றையும் ஒருங்கே மாற்றியதால் மூன்றில் ஒன்றும் சாட்சி சொல்லாது. அடுத்த முறை திக்கும்போது, சக்கரங்கள் தரையில் இருக்கும் என்பதற்கு உறுதி என்ன?

அனுபவம் மிக்கவர்கள் முதலில் எழுப்பும் வினா வேறு. எந்த உறுப்பு கெட்டது என்று அவர்கள் தொடங்குவதில்லை. எப்போது திக்கிற்று என்று தொடங்குகின்றனர். பழுது தோன்றும் நேரமே பெரும்பாலும் பழுதின் முகவரி.

எஞ்சின் மெல்ல ஓடும்போது கலவையில் பெட்ரோல் மிகுந்து, முழு வேகத்தில் அக்குறை மறைந்துவிடுகிறதா? அப்படியாயின் காற்றின் அழுத்தத்தைக் கணினிக்குக் காட்டும் சிறு ரப்பர்க் குழாயைப் பார்க்க வேண்டும். அதில் வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று புகும். அழுத்தம் மிகுதி என்று கணினி தவறாக எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். முழு வேகத்தில் குழாயின் உள்ளும் புறமும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், அந்தப் பொய் அப்போது வெளிப்படுவதில்லை.

இதற்கு மாறாக, மெல்ல ஓடும்போது குறையொன்றும் இன்றி, ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும்போது மட்டும் எஞ்சின் தளர்கிறதா? வடிகட்டி அடைபட்டிருக்கலாம். குறைந்த ஓட்டத்துக்குப் போதிய வழி, நிறைந்த ஓட்டத்துக்குப் போதாது. சாராயம் கலந்த பெட்ரோல் சில பழைய ரப்பர்களையும் தொட்டிப் பூச்சுகளையும் கரைத்து வடிகட்டியில் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு.

ஒவ்வொரு முறையும் ஒரே காற்றழுத்தத்தைத் தொடும்போது திக்கல் வருகிறதா? இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சினில் இஞ்செக்டர்கள் நான்கு. இரண்டு எப்போதும் உழைக்கும். ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும்போது மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். பின்னவை சேரும் அந்த நொடியில் அவை அடைபட்டிருந்தாலோ, கணினியில் பதிந்த அளவு பிழையாக இருந்தாலோ எஞ்சின் பசியால் தடுமாறும். அந்த நொடி, வானூர்தி தரையை விட்டு எழும் நொடியாகவும் அமையக்கூடும் என்பதே இதிலுள்ள பேரிடர்.

வெயிலில் நிறுத்திவைத்துச் சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளப்பும்போது மட்டும் இடர் தோன்றினால் வெப்பத்தை ஐயுற வேண்டும். ரோட்டரி எஞ்சினின் புகை பிஸ்டன் எஞ்சினின் புகையைவிடச் சூடு மிக்கது. அருகில் செல்லும் குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். ஆவியைப் பம்பு தள்ள இயலாது. பம்பைத் தொட்டிக்கு அருகிலும் தாழ்விலும் வைப்பதும், குழாய்களுக்கு வெப்பம் தாங்கும் உறை இடுவதும் இதற்குத் தீர்வு. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் அங்கே ஆவி எளிதில் பிறக்கும் என்பது இதன் அடிப்படை.

இவ்வளவு கூறியபின் ஓர் ஐயம் எழலாம். அளக்கும் மானிகள் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு? மானியைப் பார்த்தால் போதாதா?

போதாது. புகைக்குழாயில் பொருத்தப்படும் ஆக்சிஜன் உணர்கருவி இதற்கு நல்ல சான்று. கலவையில் பெட்ரோல் குறைவா மிகுதியா என்பதை அது காட்டுவதாகக் கூறுவர். உண்மையில் அது பெட்ரோலை அளப்பதே இல்லை. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. பிளக்கில் பொறி தவறி அறையில் தீ பிடிக்காவிட்டால், உள்ளே போன காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். ஆக்சிஜன் மிகுதி என்று கருவி காட்டும். பெட்ரோல் குறைவு என்று விமானி எண்ணுவார். மேலும் பெட்ரோலைச் சேர்ப்பார். ஏற்கனவே நனைந்த பிளக் மேலும் நனையும். பொறி மேலும் தவறும். கருவி மேலும் 'குறைவு' என்றே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்காத வினாவுக்கு அதன் விடையை எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இங்கே வேறொரு மானியின் துணை வேண்டும். தீயே பிடிக்காத அறையின் புகைக்குழாயில் வெப்பம் குறையும். தீ பிடித்தும் பெட்ரோல் மட்டும் சற்றுக் குறைந்தால் வெப்பம் பெரும்பாலும் ஏறும். இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து ஒப்பிடும் நீதிபதியைப் போல, கட்டுபவர் இரண்டு மானிகளையும் ஒப்பிட வேண்டியவராகிறார்.

குறை தெரியும் இடம் ஒன்று, குறை பிறக்கும் இடம் மற்றொன்று என்பதை இந்த எஞ்சினின் வரலாறே உணர்த்துகிறது. 1960களின் தொடக்கத்தில் ஹிரோஷிமாவில், அந்நாளில் தோயோ கோக்யோ எனப்பட்ட மஸ்டா நிறுவனத்தில், கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் இதனோடு போராடினர். எஞ்சின் ஓட ஓட அறையின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல்கள் விழுந்தன. அவற்றைப் 'பிசாசின் நகக்கீறல்' என்றே அவர்கள் அழைத்தனர். தழும்பு சுவரில் இருந்தது. நோயோ சுழலியின் முனையில் பொருத்திய அடைப்புத் தகட்டில் இருந்தது. சுவரை உராய்ந்து செல்லும்போது அத்தகடு அதிர்ந்ததே காரணம் எனக் கண்டனர். தகட்டின் வடிவையும் பொருளையும் மாற்றினர். அலுமினியம் ஊட்டிய கரித்தகட்டுடன் 1967ஆம் ஆண்டில் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. சுவரை மட்டுமே மேன்மேலும் கடினமாக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கார் வெளிவந்திராது.

கட்டுபவருக்கு எல்லாவற்றினும் கடினமான பணி, தன் கைவேலையைத் தானே ஐயுறுவது. பல ஆண்டுகள் உழைத்து ஒவ்வொரு கம்பியையும் தானே இணைத்தவர் அவர். தளர்ந்த தரைக்கம்பி ஒன்று அவர் கண்முன்னே இருக்கும். ஆயினும் இறுக்கமாக இணைத்த நாளின் நினைவுதான் அவர் கண்ணில் தெரியும். தாம் எழுதிய கட்டுரையில் தாமே அச்சுப்பிழை பார்ப்பவரின் நிலையும் இதுவே. கண் தாளில் உள்ளதைப் படிக்காமல் உள்ளத்தில் உள்ளதைப் படித்துவிடும். ஆகவேதான் அச்சுக்கு மற்றொருவர் கண் வேண்டியிருக்கிறது, வானூர்திக்கும் வேண்டியிருக்கிறது. பரிசோதனை வானூர்திச் சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்களாகத் தொண்டு புரியும் உறுப்பினர்கள், பிறர் செய்யும் வானூர்தியைக் கட்டணமின்றிப் பார்த்துக் கருத்துரைப்பது இக்காரணம் பற்றியே.

காரணம் இன்னதென ஊகித்தபின் அதை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் இடம் தரை. மூக்கை ஏற்றக் கோணத்துக்கு உயர்த்திவைத்து, எழும்போது எஞ்சின் கேட்கும் அளவில் 125 விழுக்காட்டுப் பெட்ரோலையேனும் பம்பு தருகிறதா என்று அளந்து பார்ப்பது ஒரு நல்ல வழக்கம். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, முன்பு என்ன, பின்பு என்ன என்று குறிப்பேட்டில் எழுதுவது மற்றொரு நல்ல வழக்கம். புதிய உறுப்பைப் பொருத்தியதும் திக்கல் நின்றால் மகிழ்ச்சிதான். எனினும் அதுவே முழுச் சான்று ஆகாது. பழைய உறுப்பை மீண்டும் பொருத்தும்போது திக்கலும் மீண்டும் வர வேண்டும். வந்தால் குற்றவாளி அகப்பட்டான். வராவிட்டால் அவன் இன்னும் வெளியே உலவுகிறான்.

கார் எஞ்சின் பொருத்திய இத்தகைய வானூர்தி, மக்கள் நெருங்கி வாழும் இடங்களை விட்டு விலகி, குறித்த எல்லைக்குள் வழக்கமாக 40 மணி நேரம் சோதனையாகப் பறந்த பிறகே பிறரை ஏற்றிச் செல்லலாம். அந்த மணிகளை வெறும் எண்ணாகக் கழிப்பவரும் உண்டு. ஒவ்வொரு மணியிலும் ஒரு வினாவுக்கு விடை தேடுபவரும் உண்டு. பின்னவரின் அருகிலுள்ள வெற்று இருக்கையில் ஒரு நாள் மனைவியோ மகளோ வந்து அமர்வார்கள். எஞ்சின் ஏன் திக்கிற்று, ஏன் நின்றது என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. கேட்காதவர்களின் பொருட்டே அவர் விடை அறிந்திருக்க வேண்டும்.