எங்கிருந்து சொட்டுகிறது?

மழைக்காலத்தில் வீடு ஒழுகி அவஸ்தைப்பட்ட பெண்கள் எல்லோருக்கும் ஓர் உண்மை தெரியும். தண்ணீர் சொட்டுவது சமையலறை அலமாரிக்கு மேலே. விரிசல் இருப்பதோ மொட்டை மாடியில், பத்தடி தள்ளிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில்! சொட்டுகிற இடத்திலேயே சிமெண்டைப் பூசினால், அடுத்த மழைக்கு மறுபடியும் அண்டாவைத் தேட வேண்டியதுதான். மோட்டார் எஞ்சினில் எண்ணெய் ஒழுகுவதும் இதே ஜாதி வியாதிதான் என்பதை எங்கள் வீட்டு அம்பாஸடர் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அது என் மாமனார் 1984-ல் வாங்கிய வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அச்சாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரானதே, அந்த வம்சம். எங்களுடையது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். மாமனார் காலமான பிறகும் வண்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்குக் காரணம் பழம்பெருமை அல்ல; என் மாமியாரின் முழங்கால்.

அவருக்கு வயது 81. இந்தக் காலத்துக் கார்களில் குனிந்து, மடங்கி, குழிக்குள் இறங்குவதுபோல் இறங்க அவரால் முடியாது. அம்பாஸடரில் என்றால், கூடத்து நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை கோவிலும், மாதம் ஒருமுறை கண் டாக்டரும், எப்போதாவது தங்கை வீடும்தான் அவருடைய வெளியுலகம். அந்த உலகத்துக்கு வாசல் இந்த வண்டியின் பின்கதவு.

சென்ற ஆண்டு, வண்டி நிற்கும் இடத்தில் கறுப்பாக எண்ணெய் தேங்க ஆரம்பித்தது. மெக்கானிக் ஒருவர் வந்தார். எஞ்சினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "பின்னாலே ஆயில் போகுதுங்க. எஞ்சினை இறக்கணும். நாற்பதாயிரம் ஆகும்" என்றார்.

"நாற்பதாயிரமா? வண்டியையே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம்!" என்றார் என் கணவர்.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. மாலையில் விளக்கேற்றிவிட்டு வந்து, "இந்த வெள்ளிக்கிழமை கோவில் வேண்டாம் அம்மா. சுவாமி எங்கே ஓடிவிடப் போகிறார்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "என்னங்க, எனக்கு ஒரு வாரம் தவணை கொடுங்கள்" என்று கணவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தெருவில், மாமனார் காலத்தில் இந்த வண்டியைக் கவனித்துக்கொண்ட பெரியவர் இருக்கிறார். தொழிலை விட்டுப் பல வருஷமாயிற்று, கண்ணும் மங்கல். அவர் சொன்னார்: "எண்ணெய் எங்கே விழுதுன்னு பார்க்காதீங்க அம்மா. எங்கே நனைய ஆரம்பிக்குதுன்னு பாருங்க." அவருடைய அனுபவத்துக்கு என் கண்ணை இரவல் கொடுப்பதென்று முடிவாயிற்று.

முதல் வேலை, ஒழுகுவது எது என்று அறிவது. இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்தோம். ரேடியேட்டர் தண்ணீர் என்றால் வழுவழுப்பு அதிகம் இராது. கியர் எண்ணெய்க்கு மூக்கைத் துளைக்கும் வாடை உண்டு. பிரேக் எண்ணெய் வெளிர் நிறம். எங்கள் அட்டையில் விழுந்திருந்ததோ கருங்காப்பி நிறத்தில் எஞ்சின் எண்ணெயேதான்.

இரண்டாவது வேலை, கழுவுவது. அழுக்கு மூடிய எஞ்சினில் எல்லா இடமும் நனைந்துதான் இருக்கும். குற்றவாளி எப்படி அகப்படுவான்? எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டிஸ்டிரிபியூட்டரைப் பாலிதீன் பையால் மூடிக் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தோம். அடிப்பிடித்த வாணலியைத் தேய்த்த கைகளுக்கு இது என்ன பிரமாதம்? பிறகு துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் வாடை போகும் வரை காயவிட்டோம்.

மூன்றாவதுதான் வேடிக்கை. காய்ந்த எஞ்சினின் பக்கங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவச் சொன்னார் பெரியவர். மாமியாரின் பவுடர் டப்பா முக்கால்வாசி காலி! பிறகு வண்டியை நான்கு தெரு ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, சூடு தணிந்ததும் டார்ச்சும் கையுமாக மேலிருந்து கீழே, முன்னிருந்து பின்னே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏன் இந்த வரிசை? எண்ணெயைப் பூமி கீழே இழுக்கிறது. ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்காற்றும் பின்னால் தள்ளுகின்றன. அதனால் மேலே எங்கே கசிந்தாலும் கடைசியில் பின்பக்கத்து அடியில் வந்துதான் சொட்டும். முதலில் வந்த மெக்கானிக் பொய் சொல்லவில்லை. சொட்டுகிற இடத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

மேலே ராக்கர் கவரின் ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்புறத்து டைமிங் கவரும் உலர்ந்திருந்தது. புகைபோகும் மேனிஃபோல்டுக்கு அடியில் கண் எட்டவில்லை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன். அங்கே பவுடர் பழுப்புச் சேறாகக் குழைந்து, கலைந்த மைக்கோடு போல் பின்னால் இறங்கிப் போயிற்று!

"பின்பக்கத்து டேப்பெட் கவர்!" என்றார் பெரியவர், கண்ணால் பாராமலே.

எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு தகர மூடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கார்க் காஸ்கெட். பல வருஷச் சூட்டில் கார்க் இறுகிவிடும். ஒழுகுகிறதே என்று போல்டை மேலும் மேலும் முடுக்கினால், தகரம் நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கார்க்கும் பிதுங்கும். முடுக்க முடுக்க ஒழுக்கு அதிகம்தான் ஆகும்.

இன்னொன்றும் அகப்பட்டது. எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேற முன்பக்கத்து மூடியில் ஒரு குழாய் உண்டு. அதில் கரி அடைத்திருந்தது. குக்கரின் ஆவித் துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறும். பலவீனமான இடம் பார்த்து எண்ணெயைத் தள்ளும். காஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டிருந்தால், ஒழுக்கு வேறு இடத்தில் தலைகாட்டியிருக்கும்.

பெரியவரின் பழைய சிஷ்யன் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தான். கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்றினான். மூடியின் ஓரத்தைப் பலகையில் வைத்து மெதுவாகத் தட்டிச் சமமாக்கினான். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடிலிருந்து வந்த புதுக் காஸ்கெட்டுகளைப் பொருத்தி, குழாயைச் சுத்தம் செய்து, போல்டை அளவோடு முடுக்கினான். கூலியும் சாமான்களும் சேர்த்து ரூ.3,000-க்குள் முடிந்தது.

ஒழுக்கு முழுவதும் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. திருகுபோல் வெட்டிய பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஆகவே நின்ற வண்டி ஓரிரு துளி விடுவது அதன் சுபாவம். ஒரு வாரம் கழித்து விரித்த அட்டையில், இரவெல்லாம் சேர்ந்து ஒரு குங்குமப் பொட்டளவு கறைதான் இருந்தது.

ஆனால் சுபாவம் என்று சொல்லிப் பெரிய ஒழுக்கை அசட்டையாக விடக்கூடாது. எண்ணெய் குறைந்தால் பேரிங் தேயும். சூடான மேனிஃபோல்டில் பட்டால் புகையும். கிளட்ச் தட்டில் ஏறினால் வண்டி இழுக்காது. சாலையில் சிந்தியது, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரைச் சறுக்கி விழ வைக்கும். இப்போது எண்ணெயில் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் ஒளிர வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறையும் வந்திருக்கிறது. கருவி எதுவானாலும் விதி ஒன்றுதான்: கழுவு, காயவிடு, ஓட்டு, பிறகு மேலிருந்து பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, யாரும் அழைக்காமலே மாமியார் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். பின்கதவைத் திறந்து, காலை மெல்ல உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, "கோவிலுக்குப் போகிற வழியில் கடையில் நிறுத்தச் சொல்லம்மா" என்றார்.

"என்ன வாங்க வேண்டும் அம்மா?"

"பவுடர் டப்பா! எனக்கு ஒன்று, இந்த வண்டிக்கு ஒன்று!"