பட்டாசு பூமியிலிருந்து கடல் வரை... வைப்பாற்றோடு ஒரு பயணம்!

சாத்தூர் பாலத்தைப் பேருந்து கடக்கும்போது பலரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் கீழே தெரிவது தண்ணீர் அல்ல, மணலும் சீமைக்கருவேலமும்தான். சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர்போன இந்த ஊரில், வைப்பாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறு.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் வைப்பாறு, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாக ஓடுகிறது. சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல் வழியே வரும் அர்ச்சுனா நதி, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அருகே அதோடு சேர்கிறது. பிறகு விளாத்திகுளம் தாண்டி, தூத்துக்குடி மாவட்டத்தின் சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

வறண்ட பட்டாசு பூமிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கடல் அந்நியமாக இருக்கவில்லை.

இன்று கடலின் நிலை வேறு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். இப்போது கடல் மட்டமும் உயர்கிறது. 1901-லிருந்து 2018-க்குள் உலக அளவில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது.

முகத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும்; கிணறு உப்பாகும். பெருமழை கொட்டினால், மணல்மேடு அடைத்த வாயில் வெள்ளம் வடியாமல் தேங்கும். 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறக்கவில்லை.

தயாராவது எப்படி? கரையோரக் கிணறுகளின் உப்பை மாதந்தோறும் அளந்து குறித்து வைக்கலாம். முகத்துவாரம் எந்த மாதம் அடைகிறது, எப்போது திறக்கிறது என்று பதியலாம். வெள்ளம் எட்டிய உயரத்தைப் பள்ளிச் சுவரில் கோடாக வரையலாம். மேலே அணை திறந்தால், தகவல் தண்ணீருக்கு முன்பே கடலோரக் கிராமத்தை எட்ட வேண்டும்.

பாதி வேலை மேற்கே இருக்கிறது. விருதுநகரின் கழிவுநீர் கௌசிகா நதியில் இறங்காமலும், சிவகாசியின் குப்பை அர்ச்சுனா நதியில் விழாமலும் இருந்தால், முகத்துவாரத்து மீனுக்கும் மீனவருக்கும் ஒரு சுமை குறையும்.

அடுத்த முறை சாத்தூர் பாலத்தில் எட்டிப் பார்க்கும்போது, அந்த மணல் தடத்தின் மறுமுனையில் ஒரு கடற்கரைக் கிராமம் இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்!