எஃப்1 அழுத்தச் சொல்கிறது

ஐப்பசி, திங்கள் காலை

படிப்பகத்துக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. உள்ளேயிருந்து நீளமாக ஒரு 'பீப்', ஒரு மூச்சு விட்டு மறுபடி ஒரு 'பீப்'. வாசலில் வலை முடிந்துகொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, பொட்டி கத்துது?" என்றது.

கத்தினால் நல்லது ஆயா. கத்தாமல் கிடந்தால்தான் பயப்பட வேண்டும்.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் ஊருக்கு வந்த பெட்டி இது. பெண்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைகழுவிவிட்டது. எங்கள் ஊர் பசியாவரம் இன்னும் கழுவவில்லை. தலைக்கட்டு வரிக் கணக்கு, கலெக்டர் ஆபீசுக்குப் போகும் மனு, பிள்ளைகளின் பயோடேட்டா எல்லாம் இதற்குள்தான்.

மின்சாரம் ஏறியதும் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. திரைக்கு உயிர் வருவதற்கு முன்பே ஏதாவது கோளாறு என்றால் எழுத்தில் சொல்ல வழியில்லை, அதனால்தான் பீப். எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்பது அந்தச் சோதனையை நடத்தும் பயோஸை எழுதிய கம்பெனியைப் பொறுத்தது. இதில் இருப்பது அவார்ட் பயோஸ். அதில் நீள பீப் திரும்பத் திரும்ப வந்தால் ராம் என்ற நினைவக அட்டையில் கோளாறு. நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் திரை அட்டை. வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே கதைதான். 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது கோளாறு கண்டு கவுண்ட் டவுனை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, பறந்தது. நிறுத்தத் தெரிந்த இயந்திரம்தான் நல்ல இயந்திரம் என்பது என் கட்சி.

ராமைக் கழற்றிப் பார்த்தேன். தங்க முலாம் பூசிய பற்களின் மேல் மங்கலாக ஒரு படலம். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வாங்கிய ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தி உட்கார வைத்தேன். சத்தம் நின்றது.

அதே நாள், மதியம்

இந்தப் பெட்டி காலையில் மக்கர் பண்ணும், மதியத்துக்கு மேல் சமர்த்தாகிவிடும். "கம்ப்யூட்டருக்கும் சோம்பல்டா" என்று பசங்கள் சிரிக்கிறார்கள். காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். உப்புநீரில் மின்சாரம் பாயும். போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். நம் பக்கத்து ராத்திரிகள் அந்த அளவை அநேகமாகத் தாண்டிவிடும், அதிலும் ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். வெயில் ஏறினால் காய்கிறது, பெட்டியும் எழுந்துகொள்கிறது. எழுந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் உள்ளே செம்பு பச்சை பிடித்துக்கொண்டே போகும். பழைய கம்ப்யூட்டர் என்றால் வயசாகிவிட்டது என்று ஒதுக்குகிறார்கள். ஏரிக்கரையில் அதன் வயசைக் கூட்டுவது வருஷமல்ல, உப்புக்காற்றும் லோ வோல்டேஜும்.

செவ்வாய்

திரை வந்தது. வந்ததும் இரண்டு புகார். ஒன்று, 'சிமாஸ் செக்சம் எரர்'. மற்றது, கீபோர்டையே காணோமாம். கீழே ஒரு வரி: தொடர்வதற்கு எஃப்1 அழுத்தவும். இல்லாத கீபோர்டில் எஃப்1-ஐ எங்கே அழுத்துவது? உலகம் முழுக்கப் பல வருஷமாக இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மனு எழுத வந்து நிற்பவருக்குச் சிரிப்பு வராது.

முதல் புகாருக்குக் காரணம் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி. சிஆர்2032 என்ற பேரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் செட்டிங்கையும் காப்பது அதன் 3 வோல்ட்தான். அது செத்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். பொன்னேரியில் வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது.

மாமா பையன் அவன் வீட்டு யுஎஸ்பி கீபோர்டைக் கொண்டுவந்து செருகினான். விளக்கு எரிந்தது, எஃப்1 வேலை செய்யவில்லை. "இதுவும் போச்சாண்ணா?" என்றான். போகவில்லை. யுஎஸ்பி கீபோர்டை விண்டோஸ் வருவதற்கு முன்பே கவனிக்க வேண்டுமா என்று பயோஸில் தனியாக ஒரு செட்டிங் உண்டு. பேட்டரி போனதில் அது ஆரம்ப நிலைக்கே திரும்பி, அணைந்துவிட்டது. அதைப் போட பயோஸுக்குள் போக வேண்டும். போவதற்கு உருண்டைச் செருகி வைத்த பழைய கீபோர்டு வேண்டும். சின்னச் சாமானும் துருப்பிடித்த செருகியும் சேர்ந்துகொண்டு ஊர்க் கணக்கையே பூட்டி வைத்துவிட்டன.

உருண்டைச் செருகியை ஐபிஎம் 1987இல் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு கொண்டுவந்தது. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. யுஎஸ்பி போல ஓடும்போது பிடுங்கிச் செருகக் கூடாது. பவரை அணைத்துவிட்டே தொட வேண்டும். பெட்டி எழும்போது கீபோர்டின் மூன்று விளக்கும் ஒருமுறை மின்னினால் கீபோர்டுக்கு உயிர் இருக்கிறது. இதில் மின்னவில்லை. செருகியைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் ஆறு ஊசியில் இரண்டு பச்சை பூத்திருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தொட்டுத் தொட்டுச் சுரண்டினேன். மூன்று விளக்கும் மின்னின. எஃப்1 ஏற்றது.

புது பேட்டரியை மாட்டி, தேதியைச் சரிசெய்தேன், யுஎஸ்பி செட்டிங்கையும் போட்டு வைத்தேன். கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் போ என்றும் பயோஸுக்குச் சொல்லிவைக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. புகார் சொல்லும் வாயை ஏன் அடைக்க வேண்டும்?

புதன்

மனுவைத் தட்ட உட்கார்ந்தேன். ஊர்ப் பேரைப் 'பசியாவரம்' என்று அடித்தால் திரையில் 'சியாம' என்று நிற்கிறது. பழவேற்காடு 'ழேகாடு' ஆகிவிட்டது. 'அக்கா' ஒழுங்காக வருகிறாள், 'அம்மா'வும் வருகிறாள். 'அப்பா' மட்டும் வரமாட்டேன் என்கிறார்.

பிள்ளைகள் யாராவது வலது ஷிஃப்ட்டை எட்டு நொடி அமுக்கிப் பிடித்திருந்தால் விண்டோஸ் 'ஃபில்டர் கீஸ்' என்ற ஒன்றை எழுப்பிவிடும். அப்புறம் தட்டினால் எழுத்து வராது, பிடித்து வைத்திருந்தால்தான் வரும். அதை முதலில் பார்த்தேன். அது இல்லை.

எங்கள் பெட்டியில் இருப்பது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. புள்ளிக்கு ஆங்கில எஃப் விசை. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். புள்ளி விசை செத்தும் அக்காவும் அம்மாவும் தப்பியது அதனால்தான். அப்பாவுக்குப் 'ப' விசையே போய்விட்டது.

போன எழுத்துகளைத் தாளில் எழுதினேன்: ஐ, ற, ப, ர, வ, புள்ளி. கூடவே எண்ணில் 4, 7. பலகையில் இவை ஒரே கூட்டமாக இல்லை, இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கின்றன. தேநீர் கொட்டினால் அந்த இடத்து விசைகள் சேர்ந்து போகும். இப்படிச் சிதறிப் போனால் அது விசையின் குற்றமல்ல, கோட்டின் குற்றம். நூற்றுச் சொச்சம் விசைக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. வலைக்கண் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்; ஒரு விசையை அமுக்கினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். ஒரு நெடுக்குக் கோடு அறுந்தால் அதில் தொங்குகிற எட்டு விசையும் ஒரே நேரத்தில் ஊமை. எந்த எட்டு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றினேன். மூன்று பிளாஸ்டிக் தாள், மேலும் கீழும் வெள்ளிப் பசையில் அச்சடித்த கோடுகள், நடுத்தாளில் விசைக்கு ஒரு ஓட்டை. கோடு எங்கும் அறுபடவில்லை. தாளின் வால் பச்சை அட்டைமேல் அழுந்துகிற இடத்தில் ஒரு முனை கறுத்திருந்தது. அங்கே ரப்பர் போட்டுத் தேய்க்கக் கூடாது, கரிப்பூச்சு உரிந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, வாலை அதன் இடத்தில் வைத்து, அழுத்தும் பட்டையின் திருகுகளை இறுக்கினேன்.

அப்பா வந்துவிட்டார்.

வியாழன்

மூடும்முன் மதர்போர்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசசரை ஒட்டிய கெபாசிட்டர்களில் மூன்று, தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கின்றன. 2000-களின் முதற்பாதியில் வந்த போர்டுகளில் இது உலகறிந்த சீக்கு. உள்ளே ஊற்றிய திரவம் சரியில்லாத கெபாசிட்டர்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக வெளிவந்தன. இதற்கு ரப்பரும் துணியும் போதாது. சால்டரிங் தெரிந்தவர் வேண்டும், அதே மைக்ரோஃபாரடில், வோல்ட் குறையாத புது கெபாசிட்டர் வேண்டும். சனிக்கிழமை மீன் வண்டியில் இடம் கிடைத்தால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு வரலாம்.

அதுவரை பெட்டியை நம்புவதற்கில்லை. தலைக்கட்டுக் கணக்கையும் மனுக்களையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைத் தலைவர் வீட்டுப் பீரோவுக்கு அனுப்பினேன். இன்னொன்று என்னிடம்.