ஒற்று வைத்த ஊர்

‘இரு வகை மகிழ்ச்சி (3).’

பழைய பேரேடு ஒன்றின் பின்னட்டையில் அம்மான் பென்சிலால் எழுதி என்னிடம் நீட்டிய குறிப்பு அது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கோடை விடுமுறைக்குக் காரைக்குடியில் ஆயா வீட்டுக்கு வந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வீடே உறங்கிக்கொண்டிருந்தது. வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு நானும் அவரும் மட்டும் விழித்திருந்தோம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று என்பது விடையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை, அதற்குமேல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார்.

மூன்றெழுத்தில் மகிழ்ச்சி. இன்பம் நாலெழுத்து. களிப்பும் நாலு. ஆனந்தம் ஐந்து. களி இரண்டிலேயே முடிந்துவிடுகிறது. ‘இரு வகை’ என்றதும் சிற்றின்பம், பேரின்பம் என்று தமிழய்யா வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதையே பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றினேன். அம்மான் விசிறியை வீசியபடி முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மகிழ்ச்சியைக் கொஞ்சம் விடு தம்பி. ‘இரு’வைப் பாரு.”

சொல்லிவிட்டுப் பேரேட்டைத் திறந்து நடுப்பக்கம் ஒன்றைக் காட்டினார். ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துக் கணக்கு. பற்றும் வரவும் தமிழ் எண்களில் வரிவரியாக இறங்கியிருந்தன. ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்றார். “உ” என்றேன். “எழுத்தில் உ. கணக்கில்?” கணக்கில் அது இரண்டு. பக்கத்தில் ‘வகை’ என்ற சொல் மாறாமல் அப்படியே நின்றது. உ, வகை. உவகை.

விடை குறிப்புக்குள்ளேயே முழுதாக இருந்தது. அம்மான் எதையும் மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. இரண்டையும் வகையையும் சேர், மகிழ்ச்சி வரும் என்றுதான் எழுதியிருந்தார். நான்தான் அதை வேறு மாதிரி வாசித்தேன். அன்று ஏற்பட்ட வியப்பு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை.

அந்தப் பேரேட்டில் இன்னொன்றையும் அவர் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே உ. அங்கே அது பிள்ளையார் சுழி. மேலே பிள்ளையார், கீழே வரியில் இரண்டு, அட்டையில் என் விடையின் முதலெழுத்து. ஒரே வளைவு, எழுதிய இடத்துக்கு ஏற்ப மூன்று பொருள். எழுத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

அடுத்த சில நாட்கள் எண்களாலேயே ஓடின. ‘நாலு பை சேர்ந்தால் கூட்டம் (2)’ என்று எழுதினார். நாலுக்குரிய ௪ பார்க்கச் ச போல இருக்கும். ச, பை, சபை. ‘பத்து முனையுள்ள நதி (3)’ என்றார். பத்துக்கு ய. யமுனை. ‘ஒரு விதை பாட்டானது (3)’ என்பதற்கு நான் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றுக்குக் க, அதன் பக்கத்தில் விதை. கவிதை என்று கத்திவிட்டேன். ஆயா எழுந்து வந்து இருவரையும் கடிந்துகொண்டார்கள்.

விடையைச் சொன்னால் மட்டும் அம்மான் விடமாட்டார். இந்தக் குறிப்பில் எது நேர்ப்பொருள், எது சொல்லைக் கட்டும் வேலை, எந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். விளக்கிய பிறகுதான் குறுக்கெழுத்துக் கட்டத்தில் எழுத விடுவார். யூகத்தில் எழுதிவிட்டு, “குறுக்கே வரும் எழுத்து பொருந்துகிறதே” என்று ஒருமுறை வாதாடினேன். அழிப்பான் எடுத்து அழித்துவிட்டார். விடை சரிதான். ஆனாலும் அழித்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது என் பேத்திக்கு நானும் அதையே செய்கிறேன்.

அவருக்கு இந்தப் பழக்கம் ‘இந்து’ நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்திலிருந்து வந்தது. 1971இல் அதைத் தொடங்கி அமைத்தவர் அட்மிரல் ராம்தாஸ் கடாரி. செங்கல்பட்டில் பிறந்தவர். 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். கப்பற்படையை நடத்தியவர் ஓய்வுக்குப் பிறகு கட்டங்களுக்குள் சொற்களை நிறுத்தி வைத்தார் என்பதில் அம்மானுக்குப் பெருமை. குறுக்கெழுத்து பிறந்தது நியூயார்க்கில், 1913 டிசம்பர் 21 அன்று, ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளரின் கையில். அது நேரடியாகப் பொருள் கேட்கும் வகை. சொல்லைப் பிரித்து, கலைத்து, ஒளித்து வைக்கும் வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் டார்க்குமாடா என்ற புனைபெயரில் எழுதியவர் அதைக் கடுமையான கலையாக்கினார். அவருக்குப் பின் அதே இதழில் அமைத்த சிமெனிஸ் அதற்கு நேர்மை விதிகளை வகுத்தார். குறிப்பில் நேர்ப்பொருள் ஒன்று இருக்க வேண்டும், விடையைக் கட்டும் வழி ஒன்று இருக்க வேண்டும், இவற்றுக்கு வெளியே ஒரு சொல்லும் வீணாக நிற்கக் கூடாது.

இந்த நேர்மை ஏன் அம்மானுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவருடைய இளவயதில் தமிழ்நாட்டில் குறுக்கெழுத்து என்றால் பரிசுப் போட்டி. கூப்பனை வெட்டி, கட்டணம் சேர்த்து அனுப்ப வேண்டும். குறிப்பு இப்படி இருக்கும்: ‘பெரியவர்களிடம் இது இருந்தால் ஊரே மதிக்கும்.’ கட்டத்தில் முதலெழுத்து காலி, மீதி ‘ணம்’. பணமா, குணமா? இரண்டும் பொருந்தும். உறையில் வைத்து முத்திரையிட்ட விடைதான் சரி. எங்கள் குடும்பத்தில் ஒருவர் அப்படி ஒரு போட்டிக்கு மாதாமாதம் கூப்பன் கூப்பனாக அனுப்பி, இரண்டையும் எல்லா விதமாகவும் மாற்றி மாற்றி எழுதி, மனைவியின் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்தார். அவர் அறிவில் குறைந்தவர் இல்லை. குணம் என்று எழுதியதற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்க எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் கூடாது என்றது. பெங்களூரிலிருந்து பெரிய அளவில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சாமர்பாக்வாலா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1957 தீர்ப்பு இரண்டு வகையைப் பிரித்தது. திறமையால் வெல்லும் போட்டி வேறு, தற்செயலை நம்பும் சூதாட்டம் வேறு. சட்டம் பின்னதைத்தான் கட்டுப்படுத்தும் என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அம்மானின் அழிப்பான் நினைவுக்கு வந்தது. பணமா குணமா என்பதை நிரூபிக்க வழியில்லை. உவகையை நிரூபிக்கலாம். எழுத்து எழுத்தாகப் பிரித்து வைத்தால் எதிரில் இருப்பவர் மறுக்க முடியாது. விளக்க முடியாத விடையை எழுத அவர் என்னை அனுமதிக்காததற்கு அந்த அடகு நகைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழில் இந்த வகைப் புதிரை அமைப்பது ஆங்கிலத்தில் அமைப்பது போல அல்ல. அவர்களுக்கு இருபத்தாறு எழுத்து. எதையும் எங்கும் தூக்கி வைக்கலாம். நமக்கு 247. ‘கை’ என்பது ஒரே கட்டம். அதை உடைத்து ஐயைத் தனியாக எடுக்க முடியாது. அதனால் எழுத்தைக் கலைத்து இன்னொரு சொல் செய்வது அரிது. வாய்த்தால் அதன் சுகமே தனி. நரகத்தின் நடுவில் உள்ள இரண்டு எழுத்தை இடம் மாற்றுங்கள், நகரம் வரும். ‘கலைந்த நரகம் பெரிய ஊர் (4)’ என்று எழுதிவிட்டு அம்மான் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

புள்ளி எழுத்து அதைவிடச் சிரமம். தமிழ்ச்சொல் எதுவும் மெய்யில் தொடங்காது. க், ச், ட் போன்ற வல்லினத்தில் முடியவும் முடியாது. இடமிருந்து வலம் போகும் சொல்லில் ஒரு ‘ட்’ வந்து உட்கார்ந்தால், அந்தக் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழ் இறங்கும் சொல் அங்கே தொடங்கவும் கூடாது, முடியவும் கூடாது. அந்த ட் அதற்கு நடுவில்தான் இருந்தாக வேண்டும். தேவகோட்டை என்ற ஒரு சொல்லை முதல் வரிசையில் வைத்துவிட்டு, நாலாவது கட்டத்துக்குக் கீழே எந்தச் சொல்லையும் தொடங்க முடியாமல் நான் இரவு முழுக்கப் படம் போட்டுப் போட்டு அழித்திருக்கிறேன். கடைசியில் அந்த இடத்தின் கீழே கறுப்புக் கட்டம்தான் வைத்தேன்.

இத்தனை தடைக்கும் நடுவே அமைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகளை முதலில் பார்த்தபோது, அம்மான் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். பேரேட்டு அட்டையில் அவர் தனியாகச் செய்துகொண்டிருந்ததை, கடல் கடந்த இதழ் ஒன்றில் ஒருவர் அச்சில் ஏற்றியிருக்கிறார். ஒன்றைச் சொல்ல வேண்டும். இது நமக்கு வெளியிலிருந்து வந்த விளையாட்டு என்று மட்டும் நான் நினைக்கவில்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்திக் காட்டிய காளமேகத்துக்கு இந்தக் கட்டங்களைக் கொடுத்திருந்தால் அரைநாழிகையில் முடித்திருப்பார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் தமக்குள் சொல்லிக்கொள்வதைக் குழூஉக்குறி என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே சேர்த்தவர்கள் நாம். சொல்லுக்குள் சொல்லை வைப்பது இங்கே பழைய பழக்கம். கட்டம் மட்டும்தான் புதிது.

போன சித்திரையில் பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். பத்து வயது. தமிழ் எண்களை இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். ‘ஒரு படி ஆட்டம் (3)’ என்றதும் கபடி என்று சொல்லி, விளக்கமும் சொன்னாள். அடுத்ததாக, எனக்கே மிகவும் பிடித்த ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.

‘பூச்சும் குடும்பமும் சேர்ந்தது நம் ஊர் (5).’

பூச்சு என்றால் காரை. இந்த ஊர்ப் பெயருக்குக் காரைச் செடியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகளைச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய எங்கள் வளவுச் சுவர் இன்றும் கையை வைத்தால் குளிர்ந்து, கண்ணாடி போல் வழுக்கும். அவளை அதில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். குடும்பம் என்றால் குடி. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் வரும் இரண்டாவது குடி.

விடையைக் கண்டுபிடித்துவிட்டாள். பென்சிலை எடுத்துக் கட்டத்துக்கு அருகில் போனவள் நின்றாள்.

“ஐயா, காரை ரெண்டு. குடி ரெண்டு. நாலுதானே ஆச்சு? அந்த க் யாரோடது?”

இரண்டு சொல் சேரும்போது நடுவில் ஒற்று மிகும், அது தமிழின் இயல்பு, யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை என்றேன். பூப்பறித்தான், மழைக்காலம் என்று நாலைந்து சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சரி. ஆனா அது குறிப்புல இல்லையே. எல்லா எழுத்துக்கும் கணக்கு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரி. நாற்பது ஆண்டுகளாக இந்தக் குறிப்பை நான் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் தமிழை நன்றாக அறிந்தவர்கள். அதனாலேயே அந்தக் க் அவர்கள் கண்ணில் படவில்லை. பேசும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, எழுதும்போது கை தானாகப் போடுகிறது. அதற்கு ஒரு கட்டம் தேவைப்படுகிறது என்பதை ஒரு குழந்தை விரல்விட்டு எண்ணித்தான் கண்டது. கட்டத்தில் எழுத விடாமல் பென்சிலை வாங்கிக்கொண்டேன். நாளைக் காலை திருத்தித் தருகிறேன் என்றேன்.

இரவில் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘ஒற்று’ என்ற சொல்லில் வந்து மனம் நின்றது. இலக்கணத்தில் அது மெய்யெழுத்து. அரசியலில் அது உளவு. ஒற்று வைப்பது என்றால் உளவாளியை நிறுத்துவது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே யாரும் பார்க்காமல் நிற்கும் எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யாரும் கொடுத்திருக்க முடியாது. காலையில் பழையதை அடித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

‘பூச்சுக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒற்று வைத்த ஊர் (5).’

இரண்டு முறை வாசித்தாள். ஒற்று என்றால் என்ன என்று கேட்டாள். இரண்டு பொருளையும் சொன்னேன். விரலால் கட்டங்களைத் தொட்டு எண்ணி, முழு விளக்கத்தையும் எனக்குத் திருப்பிச் சொன்னாள். பிறகு எழுதத் தொடங்கினாள். கா. ரை. மூன்றாவது கட்டத்தில் முதலில் புள்ளியை வைத்துவிட்டு, அதன் கீழே க எழுதினாள்.