சோக்கை எடுத்தால் நின்றுவிடும்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் வண்டி மக்கர் பண்ணுவது யாருக்கும் செய்தி இல்லை. ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் பள்ளங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். பழைய வண்டி என்றால் பொறுத்துக்கொள்வார்கள். வாங்கி மாதம் திரும்பாத புது ஏடிவி அப்படிச் செய்தால்தான் வயிறு எரியும். தலைகுந்தாவைத் தாண்டி ஒரு மைதானத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏடிவி வாடகைக்கு விடுகிறவர் அப்படித்தான் எரிந்துகொண்டிருந்தார். அவருடைய வண்டியைப் பார்க்கக் கிளம்பிய மெக்கானிக்கோடு ஒட்டிக்கொண்டு நானும் போனேன். மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே.

பாய் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வண்டியைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது. ராத்திரி நிறுத்திய இடத்திலேயே நிற்கட்டும், விடிகாலையில் தான் வந்து சேரும்வரை யாரும் சாவியைத் தொட வேண்டாம். "கடைக்கு ஓட்டிட்டு வந்தா இன்ஜின் சூடாயிடும் சார். சூடான வண்டில என்னத்தப் பாக்குறது? நல்ல பிள்ளையாட்டம் ஓடும்" என்றார்.

குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் தொல்லையே இதுதான். குறை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் முகம் காட்டும். பிரேக் சரியில்லை என்றால் திருகிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருகி ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம். இங்கே இன்ஜின் ஒருமுறை பிடித்துவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது. அடுத்ததற்கு மறுநாள் விடிய வேண்டும். நாலு இடத்தில் ஒரே நேரத்தில் கை வைத்தால் எதனால் சரியாயிற்று என்று தெரியவும் தெரியாது. கடை வைத்துப் பிழைக்கிறவருக்குக் கட்டுப்படியாகாத வேலை. அதனால்தான் பல கடைகளில் பிளக்கை மாற்றி, ஐடிலிங்கைக் கொஞ்சம் தூக்கி வைத்து, "இனி வராது" என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்த வண்டிக்கும் யாரோ அதைச் செய்திருந்தார்கள்.

தகரக் கொட்டகையில் வண்டிகள் வரிசையாக நின்றன. நாலு உப்பலான டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், ஒரு சீட். பார்க்க முரட்டு மிருகம். உள்ளே இருப்பதோ படுக்கைவாட்டில் மாட்டிய 110 சிசி குட்டி இன்ஜின். 1958இல் ஹோண்டா தன் சூப்பர் கப் வண்டிக்குக் கொண்டுவந்த இன்ஜினின் வம்சாவளி. சீனத் தொழிற்சாலைகள் அதைப் பிரதியெடுத்து உலகம் முழுக்க அனுப்புகின்றன. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலானவை 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததோடு கார்ப்பரேட்டரை விட்டுவிட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. சாலைக்கு வராத இந்தச் சிறிய ஏடிவிகளில் கார்ப்பரேட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாயின் பிழைப்பில் ஒரு பகுதியும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

முதலில் அவர் டூல் எதையும் எடுக்கவில்லை. கில் சுவிட்ச், பின்பக்கம் தொங்கும் பாதுகாப்புக் கயிறு, பெட்ரோல் டேப் மூன்றையும் தொட்டுப் பார்த்தார். பாதி ஸ்டார்டிங் ட்ரபிள் அந்த மூன்றில் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. திருப்தி. பிரேக்கை அழுத்திக்கொண்டு சோக் போட்டு செல்ஃப் பட்டனை அமுக்க, மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றியது, இன்ஜின் பிடித்தது. அரை நிமிடம் விட்டுச் சோக்கை மெதுவாக எடுத்தார். சத்தம் மேலும் கீழும் அலைந்து, ஒரு இருமலோடு நின்றது.

"பாத்தீங்களா பாய், தினமும் இதே கதை. பசங்க பாதி சோக் போட்டுட்டேதான் நாள் முழுக்க ஓட்டுறாங்க" என்றார் உரிமையாளர். பாய் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பிளக்கைக் கழற்றினார். முனை அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. புத்தகம் படித்தவன் இந்த இடத்தில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவான். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சமவெளிக்குத் தோதாக ஜெட் வைத்து வந்த கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும், அதை எரிக்கக் காற்று போதாது. கலவை தடித்துப்போகும், பிளக் கறுக்கும். ஆகவே பெட்ரோலைக் குறை. உரிமையாளரும் அதையேதான் சொன்னார். கோயம்புத்தூரில் வண்டி விற்றவர் போனில் சொல்லிக்கொடுத்த பாடம்.

"பிளக் பொய் சொல்லுதுண்ணே" என்றார் பாய். "சோக் போட்டே ஓட்டுனா கறுக்காம என்ன செய்யும்? சோக்க எடுத்தா நிக்குதுன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். ஜாஸ்தியா இருந்தா சோக்க எடுத்ததும் நல்லால்ல ஓடணும்?"

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கெல்லாம் சூடான இன்ஜினுக்கு. குளிரில் உறைந்த இன்ஜினுக்குள் போகிற பெட்ரோலில் கொஞ்சம்தான் ஆவியாகும், மீதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் சோக் காற்று வழியை அடைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. பழைய பஜாஜ் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்துவிட்டு உதைத்த அப்பாக்களுக்கு விஞ்ஞானம் தெரியாது, விஷயம் தெரியும். இப்போது பங்க்கில் கிடைப்பதோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று மெலிகிறது. ஆவியாக வெப்பமும் அதிகம் கேட்கிறது. மலை ஒரு பக்கம் இழுக்க, பங்க் மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் எது ஜெயிக்கும் என்பதை வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கார்ப்பரேட்டரைக் கழற்றுமுன் ஸ்ப்ரே டப்பா ஒன்றை எடுத்து, மறுபடி பாதி சோக்கில் ஓடவிட்டு, கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள இணைப்பைச் சுற்றி லேசாக அடித்தார். அங்கே காற்று கசிந்தால் ஸ்ப்ரே உள்ளே போய் இன்ஜின் சத்தம் மாறும். மாறவில்லை. கசிவு இல்லை.

அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் உள்ளே மஞ்சளாக ஒரு படலம். மோந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் நெடி. புது வண்டியில் இது எப்படி? தொழிற்சாலையில் ஓட்டிப் பார்க்க ஊற்றிய பெட்ரோல் கிண்ணத்தில் மிஞ்சும். பிறகு பெட்டி, கப்பல், குடோன் என்று மாதக்கணக்கில் அது காய்ந்து பசையாகும். நாம் ரிப்பன் வெட்டி வாங்குகிற புது வண்டிக்கு அப்படி ஒரு முன்கதை இருக்கிறது. பசை முதலில் அடைப்பது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட்டைத்தான், ஏனென்றால் அதன் துளை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மெயின் ஜெட் பெரிய துளை, தப்பித்துவிடும். அதனால்தான் வண்டி முறுக்கினால் பாய்கிறது, விட்டால் நிற்கிறது.

ஸ்லோ ஜெட்டைக் கழற்றி விடிகிற வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என் கையில் கொடுத்தார். சின்னப் பித்தளைத் துண்டு. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. உதவிக்கு வந்த பையன் பழைய கேபிளிலிருந்து ஒரு கம்பி இழையைப் பிரித்துக்கொண்டு, "குத்திரட்டுமா மாமா?" என்றான். பாய் அவன் கையைத் தட்டிவிட்டார். பித்தளை மெத்து, கம்பி உரசினால் துளை பெருத்துவிடும், பிறகு அந்த ஜெட் எந்த அளவு என்று யாருக்கும் தெரியாது. கிளீனரில் ஊறப்போட்டார். நாங்கள் டீ குடித்தோம். காற்றடித்தார், வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி ஊறப்போட்டார். கடைசியில் துளை வழியே வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

மாட்டியபிறகு அவர் கவனம் போனது ஐடிலிங் திருகின் மேல். முன்னால் கை வைத்தவர் அதை நன்றாக ஏற்றி வைத்திருந்தார். பைக்கில் ஐடிலிங் ஏறினால் பெட்ரோல்தான் வீண். இன்ஜின் வேகம் ஏறியதும் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச் உள்ள இந்த வண்டியில், ஐடிலிங் ஏறியிருந்தால் கியர் போட்டதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி நகரும். மேலே உட்கார்ந்திருப்பது பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம். பாய் அன்று குரலை உயர்த்தியது இதற்காக மட்டும்தான். "ஸ்டார்டிங் வரலேன்னா ஒரு ரைடு போச்சு. இது ஆளையே கொண்டுபோயிடும்ணே."

ஐடிலிங்கைச் சுமார் 1,500 ஆர்பிஎம்முக்கு இறக்கி, ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். அதற்குமேல் தொடவில்லை, மிச்சத்தை மறுநாள் குளிர்தான் சொல்ல வேண்டும். ஆயிலைப் பார்த்தார், 20டபிள்யூ-40 ஊற்றியிருந்தார்கள். கீழ்நாட்டு வெயிலுக்கு நல்ல ஆயில், இங்கே விடிகாலையில் கெட்டியாகி செல்ஃபை இழுக்கிறது. அடுத்த சர்வீஸில் 10டபிள்யூ-30 ஊற்றச் சொன்னார்.

மறுநாள் காலை இன்ஜின் பிடித்தது. சோக்கை எடுத்ததும் ஒருமுறை தாழ்ந்து, பிறகு சீராக நின்று ஓடியது. பாய் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே விட்டார், அவ்வளவுதான். கியர் போட்டுப் பார்த்தார், வண்டி அசையவில்லை. பக்கத்தில் நின்ற வண்டியில் குறை வேறு: சோக் போட்டாலும் பிடிக்கவில்லை. மூடியைத் திறந்து, ஃபிளைவீலில் 'டி' குறியை நேராக வைத்து, டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்துப் பார்த்தார். எக்ஸாஸ்ட் பக்கம் தகடு நுழையவே இல்லை. டேப்பட் இறுகி வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் போயிருக்கிறது. இந்த அளவையும் ஆறின இன்ஜினில்தான் எடுக்க முடியும்.

கூலி கேட்டதும் உரிமையாளருக்குக் கொஞ்சம் வருத்தம். "ஸ்பேர் ஒண்ணும் மாத்தலியே பாய்?" ஆயிரம் ரூபாய்க்கு ஸ்பேர் மாற்றியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன், எதையும் மாற்றாமல் சரி செய்ததற்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார், பாய் எண்ணாமல் பையில் வைத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு பெட்ரோல் டேப்பைக் காட்டினார். ஜூன், ஜூலை மழையில் கூட்டம் இல்லாமல் மைதானம் மூடிக் கிடக்கும்போது, கடைசி நாள் டேப்பை அடைத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணத்தில் பெட்ரோல் மிஞ்சக் கூடாது. பையன் சரி என்றான். உரிமையாளர், "எல்லா வண்டிக்குமா?" என்று கேட்டார்.

"எல்லா வண்டிக்கும்ணே."